வெயிலைத் திட்டி வளர்ந்தவள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வேலூரில் வெயிலைத் திட்டியே வளர்ந்தவள் நான். திருமணமாகி அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்துக்கு வந்து இது மூன்றாவது குளிர்காலம். நவம்பர் பிறந்தாலே ஏரிப் பக்கமிருந்து மேகம் வந்து கவிந்துகொள்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. வீட்டிலிருந்தே வேலை என்பதால் சில வாரங்களில் வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. பத்து மணி நேரம் தூங்கியும் அசதி தீரவில்லை. சோற்றின் மீதும் இனிப்பின் மீதுமே நாட்டம் போகிறது. ஏப்ரலில் எல்லாம் சரியாகிவிடும், மறுபடி நவம்பரில் தொடங்கும்.

சென்ற வாரப் பனிப்புயலுக்குப் பின் இரண்டு மணி நேரம் பனியை வாரிக் கொட்டி, கார் வெளியேற வழி செய்தேன். நான் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள், தெருவைச் சுத்தம் செய்ய வந்த வண்டி முழங்கால் உயரத்துக்குப் பனியைத் தள்ளி வழியை அடைத்துவிட்டுப் போனது. ஒரு காலில் பூட்ஸுடனேயே படியில் உட்கார்ந்து அழுதேன். "ஏசி இல்லாமலே குளுகுளுவென்று இருக்கும் ஊரில் உனக்கென்ன குறை?" என்று அம்மா கேட்டதிலிருந்து அவருடைய அழைப்புகளை எடுப்பதில்லை. இது சோம்பலா, நோயா?

— கிளீவ்லாந்து வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு மணி நேரம் பனி வாரியவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். (அந்த வண்டி வந்துபோகும்வரை தெருவோரத்துக் கடைசி நான்கடியைத் தொடாமல் விட்டுவையுங்கள்.) குளிர்காலந்தோறும் வந்து வசந்தத்தில் விலகும் இந்தச் சோர்வை 1984-இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தார்கள். உங்களுக்கு இருப்பது அதுதானா என்பதை மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும்.

அம்மா பேசுவது குளிரைப் பற்றி. உங்களை வாட்டுவதோ வெளிச்சக் குறைவு. ஈரி ஏரி உறையாமல் இருக்கும்வரை, அதைக் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிவந்து மேகமாகவும் பனியாகவும் உங்கள் ஊர்மேல் இறக்குகிறது. ஆனாலும் வீட்டு விளக்கொளி சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றால், மேகம் மூடிய நண்பகலிலும் வெளியே அது ஆயிரங்களில் இருக்கும் என்பதால், மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

அதோடு, 10,000 லக்ஸ் ஒளி தரும், புற ஊதாக் கதிரை வடிகட்டிய சிகிச்சை விளக்கு ஒன்றை வாங்கி, கண் விழித்த ஒரு மணி நேரத்துக்குள், அதற்குச் சொல்லப்பட்ட தூரத்தில் வைத்து, 20 முதல் 30 நிமிடம் அதன் முன் உட்காருங்கள். கண் நோயோ, மனம் அளவுமீறிக் கிளர்ச்சியடையும் இருதுருவக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரண்டு வாரத்தில் தெளிவு பிறக்காவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு சிகிச்சையும் மருந்தும் இதற்கு உண்டு. வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் எந்த நேரமானாலும் அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள்.

விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. அதன் முன் உட்கார்ந்து காபி குடிக்கலாம், அம்மாவிடம் பேசலாம். குளிர்காலத்தில் உங்களுக்குக் காலை எட்டு மணி என்றால் வேலூரில் மாலை ஆறரை. அவரும் அப்போதுதான் விளக்கேற்றி வைத்திருப்பார்.