தனியார் பள்ளியில் 25 சதவீத இடம்: யாருக்குக் கிடைக்கும்? கேள்வி பதில்

2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டப்படி (சுருக்கமாக ஆர்டிஇ), தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஒதுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கான பணத்தை அரசே பள்ளிக்குத் தருகிறது. இந்த ஆர்டிஇ சேர்க்கைக்கு எங்கள் பகுதிப் பெற்றோருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்து வருகிறேன். தமிழ்நாட்டு நடைமுறை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

அக்கா, நாங்கள் பிசி. வருஷ வருமானம் மூன்று லட்சத்தைத் தாண்டும். இரண்டு லட்சம்தான் வரம்பு என்கிறார்களே? (ஈரோடு)

தாராளமாக விண்ணப்பிக்கலாம் தங்கச்சி. நிறையப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். சட்டத்தில் இரண்டு பிரிவு இருக்கிறது. ஒன்று, நலிவடைந்த பிரிவு. இரண்டு லட்சத்துக்குக் கீழே என்ற வருமானக் கணக்கு இதற்கு மட்டும்தான். எந்தச் சாதியாக இருந்தாலும் இதில் வரலாம். இன்னொன்று, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு. பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி எல்லாம் இதில் அடக்கம். இதற்குச் சாதிச் சான்றிதழ் போதும், வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். "வருமானம் கூட, உங்களுக்குக் கிடையாது" என்று கம்ப்யூட்டர் சென்டரில் யாராவது சொன்னால் நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். இந்த ஒரு வார்த்தையால் எத்தனை பிள்ளைகளின் இடம் போயிருக்கிறது என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

பிறந்த தேதி எப்படிப் பார்க்கிறார்கள்? (மதுரை)

எல்கேஜிக்கு அந்த ஆண்டு ஜூலை 31க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து. உதாரணமாக, 2024-25 எல்கேஜிக்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்தவர்களைத்தான் எடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 3இல் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டுதான். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். பல வீடுகளில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பிறந்து ஓராண்டுக்குள் என்றால் பெயரை இலவசமாகப் பதியலாம், அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. சாதிச் சான்றிதழில் "சி. கவின்", பிறப்புச் சான்றிதழில் "கவின் குமார்" என்று இருந்தாலும் சிக்கல்தான். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வாடகை வீடு. ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருக்கிறது. (திருப்பூர்)

பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் தம்பி. அதனால் இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரிக்குச் சான்று தேவை. ஆதாரில் முகவரியை மாற்றிவிடுங்கள், விண்ணப்பத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியைக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. உண்மையிலேயே அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு குழந்தையின் இடம் அது.

என் மகன் மூன்றாவது படிக்கிறான். அவனை இதில் சேர்க்க முடியுமா சிஸ்டர்? (வேலூர்)

முடியாது சார். எல்கேஜி, இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்பு. நடுவில் கிடையாது.

எங்கள் தெருவிலேயே நல்ல பள்ளி ஒன்று இருக்கிறது. பட்டியலில் அதன் பெயரே இல்லையே? (நாகர்கோவில்)

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியா என்று விசாரியுங்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பின்படி, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

பள்ளியில் குழந்தையைக் கூட்டி வரச் சொல்கிறார்கள். கேள்வி கேட்பார்களாம். (சேலம்)

குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் எதுவும் வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. மூன்று வயதுப் பிள்ளையிடம் ஏபிசிடி கேட்டு இடம் கொடுப்பது அநியாயம். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

எதுவரை இலவசம்? (தஞ்சாவூர்)

எட்டாம் வகுப்பு முடியும்வரை. ஒன்பதில் கட்டணம் உங்கள் தலையில் விழும். ஏழாவது படிக்கும்போதே யோசித்து வையுங்கள்.

விண்ணப்பம் எப்போது? குலுக்கலில் பெயர் வராவிட்டால்? (விழுப்புரம்)

2024இல் ஏப்ரல் 22 முதல் மே 20 வரை நடந்தது. 2025இல் மத்திய அரசின் நிதி வராத பிரச்சினையால் தள்ளிப்போய், அக்டோபரில்தான் தொடங்கியது. அதனால் ஏப்ரலிலிருந்தே கல்வித்துறை இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள் அம்மா. ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் போன்றோருக்குக் குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றை மறக்காமல் இணையுங்கள். மற்றவர்களுக்கு, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். பெயர் வராவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள், தகவல் அதற்குத்தான் வரும்.