மகஜரில் வராத செருப்பு

அன்புள்ள அண்ணா,

துப்பறியும் கதை எழுதப் பழகுகிறேன். ஆறு கதைகள் ஆயின, ஒன்றை இணைத்திருக்கிறேன். திருப்பங்களை எங்கே வைப்பது என்று பிடிபடவில்லை. ஏதாவது பயிற்சி வகுப்பில் சேரலாமா? குற்றக்கதை எழுதுகிறவனை இலக்கியவாதிகள் மதிப்பதில்லை என்பதும் உறுத்துகிறது.

ஒரு வாசகன், திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

மதிப்பு பற்றிய கவலையை விடுங்கள். வகுப்பில் சேர்வது உங்கள் விருப்பம்.

கதையை இரண்டு முறை படித்தேன். தென்னந்தோப்பில் அந்தக் கிழவி பேசும் இடம் அருமை. அடுத்த பக்கமே மஞ்சள் நாடா கட்டுகிறார்கள். கையுறை மாட்டிய நிபுணர் குனிந்து பார்த்து, இரவு 11.40க்கு உயிர் போனது என்கிறார். கோபம் வந்துவிட்டது. நம் வெயிலில் உடல் சீக்கிரம் விறைக்கும், சீக்கிரம் தளரும். எந்த டாக்டரும் நிமிடக் கணக்குச் சொல்லமாட்டார். வெளிநாட்டுத் தொடரில் பார்த்ததை உங்கள் தோப்பில் கொண்டுவந்து நட்டிருக்கிறீர்கள். அங்கே உண்மையில் யார் வந்து நிற்பார்?

வி.ஏ.ஓ. நிற்பார். என் சித்தப்பா அந்த வேலை பார்த்தவர். சிறுவயதில் ஒருமுறை அவர் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போனேன். கிணற்றிலிருந்து ஒருவரை எடுத்துப் போட்டிருந்தார்கள். ஏட்டு பார்வை மகஜர், அதாவது சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு, எழுதினார்: ரோட்டிலிருந்து கிணறு எத்தனை அடி, பம்ப்செட் எந்தத் திசை. மேட்டில் ரப்பர் செருப்பு இரண்டும் ஜோடி சேர்த்து, ஊரைப் பார்த்தபடி இருந்தன. "தவறி விழுந்தவன் இப்படியா கழட்டி வைப்பான்?" என்று சித்தப்பா முணுமுணுத்தார். 'ஒரு ஜோடி செருப்பு' என்று மட்டும் எழுதினார்கள். அது இருந்த விதம் மகஜரில் வரவில்லை. சித்தப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு அது. புதுச் சட்டத்திலும் அப்படித்தான். அதனால் நம் கொலை வழக்குகளில் குற்றவாளி தானாகவே வி.ஏ.ஓ.விடம் வந்து ஒப்புக்கொண்டதாக ஒரு காகிதம் திரும்பத் திரும்ப வரும். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் ஏன் சொல்லப் போகிறான் என்று நீதிபதிகள் பல தீர்ப்புகளில் கேட்டிருக்கிறார்கள். திருப்பம் எங்கே என்று என்னைக் கேட்கிறீர்களே தம்பி, அந்தக் காகிதத்தில் இல்லையா? அதை எழுதியது யார், வி.ஏ.ஓ. படித்துப் பார்த்தாரா, அந்த நேரத்தில் அவர் அலுவலகத்தில்தான் இருந்தாரா? குறுக்கு விசாரணையில் வக்கீல் இதையெல்லாம் கேட்பார். சித்தப்பாவுக்கு ஓய்வுபெற்ற பிறகும் சம்மன் வந்துகொண்டிருந்தது. போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டாலே திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஒருநாள் உங்கள் ஊர் செஷன்ஸ் கோர்ட்டில் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். வி.ஏ.ஓ. கூண்டில் ஏறினால் அவர் கைகளைக் கவனியுங்கள். பிறகு கிழவியை மட்டும் வைத்துக்கொண்டு கதையை முதலிலிருந்து எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.