ஒன்பது கோள் என்று சொல்லும் புத்தகத்தை என்ன செய்வது?

கேள்வி: என் மகள் தரம் 10. விஞ்ஞானம் என்றால் அவளுக்கு உயிர். திருகோணமலை நகரில் ஒரு புத்தகசாலையில், பொது வாசகருக்கென்று எழுதிய இரண்டு அறிவியல் புத்தகங்களை வாங்கிக் கொடுத்தேன். இரண்டும் சென்னையில் அச்சிட்டவை. பத்துப் பக்கம் தாண்டவில்லை, "அம்மா, பள்ளிக்கூடத்தில படிக்கிற சொல் ஒன்றும் இதில இல்லை" என்று மூடிவிட்டாள். ஒன்றில் சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்றும் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? இனி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: சொற்களில் நீங்கள் ஏமாறவில்லை, சகோதரி. நம் பாடநூலின் ஒட்சிசன் அங்கே ஆக்ஸிஜன். இலத்திரன் எலக்ட்ரான் ஆகிவிடும், கலம் செல் ஆகிவிடும், ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கை ஆகிவிடும், ஆர்முடுகல் முடுக்கம் ஆகிவிடும். காபனீரொட்சைட்டு என்று எழுதிப் பழகிய பிள்ளை கார்பன் டை ஆக்சைடைக் கண்டு மிரளத்தான் செய்யும். அதற்காகப் புத்தகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு கொப்பியை நடுவில் கோடிட்டு, இந்தப் பக்கம் நம் சொல், அந்தப் பக்கம் அவர்கள் சொல் என்று மகளையே எழுதச் சொல்லுங்கள். ஐம்பது சொல் சேர்வதற்குள் வாசிப்பு ஓடத் தொடங்கிவிடும். பரீட்சையில் மட்டும் பாடநூல் சொல்லையே எழுத வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

ஒன்பது கோள் விஷயம் வேறு. 2006 ஆகஸ்ட்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. அன்றிலிருந்து கோள்கள் எட்டுத்தான். கடையில் புதுவாசனை வீசும் புத்தகம் 2019இல் அச்சானதாக இருக்கலாம், உள்ளே இருப்பது 1990களில் எழுதியதாக இருக்கலாம். ஆகவே அட்டையைத் திருப்பியதும் வரும் பதிப்புரிமைப் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். அச்சிட்ட ஆண்டை விட்டுவிட்டு மூலநூல் முதலில் வெளிவந்த ஆண்டைத் தேடுங்கள். அது அங்கே போடப்படவே இல்லை என்றால் நான் வாங்கமாட்டேன்.

ஆனால் பழையதெல்லாம் பிழையும் அல்ல. வற்றுப்பெருக்கு ஏன் வருகிறது, வானவில் எப்படித் தோன்றுகிறது என்று விளக்கும் புத்தகத்துக்கு நாற்பது வயது ஆனாலும் குறையில்லை. வானியலும் மரபணுவியலும்தான் வேகமாகப் பழசாகின்றன. சனியின் துணைக்கோள்கள் 2025 மார்ச்சில் 274 ஆகிவிட்டன. ஈர்ப்பு அலைகள் முதன்முதலில் பதிவானதே 2015இல். மனித மரபணுத்தொகுதித் திட்டம் முடிந்தது 2003இல். இந்தத் துறைகளில் இருபது வருடம் பழைய புத்தகத்தைப் பிள்ளையின் கையில் தனியே கொடுக்காதீர்கள். கூட இருந்து வாசியுங்கள்.

திருகோணமலைக்காரருக்கு இன்னொரு சோதனை கைவசம் இருக்கிறது: கன்னியா வெந்நீரூற்றுகள். ஏழு கிணற்றிலும் கைவிட்டுப் பார்த்த மகளுக்கு, சூடு கிணற்றுக்குக் கிணறு மாறும் என்பது தெரியும். இலங்கையிலோ எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடாகி, பிளவு வழியாகவே மேலே வருகிறது. புவியியல் புத்தகம் எதையாவது எடுத்தால் வெந்நீரூற்றுப் பக்கத்தைக் கடையிலேயே நின்று வாசியுங்கள். வெந்நீரூற்று என்றாலே எரிமலைதான் என்று எழுதியிருந்தால் அப்படியே தட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நம் கண்முன் இருப்பதையே பிழையாகச் சொல்லும் புத்தகம், சனியைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது?

மகளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நடுவில் ஒரு பக்கத்தை அவள் வாசித்து, விளங்கியதை உங்களுக்குத் தன் வாயால் சொல்லட்டும். மொழிபெயர்த்த புத்தகமாக இருந்து அவள் சொல்லத் திணறினால், பிழை பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்தான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னட்டையில் இந்திய ரூபாய் இருக்கும், கடைக்காரர் அதைப் பெருக்கித்தான் சொல்வார். கப்பல் செலவும் அதில் உண்டு, நியாயம்தான். எத்தனையால் பெருக்குகிறார் என்று கேளுங்கள், கடைக்குக் கடை மாறும். பெருந்தொகை கொடுக்கும் முன் பொது நூலகத்தில் அதே புத்தகம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: முகநூலில் பார்த்துக் காசு அனுப்பி வாங்கிய அறிவியல் புத்தகத்தில் 96ஆம் பக்கத்துக்கு அடுத்து 113 வருகிறது. திருப்பி எடுக்கமாட்டோம் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், மூதூர்

பதில்: பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைக்கும்போது ஒரு கட்டு விடுபட்டிருக்கிறது. அச்சகத்தின் பிழை, உங்களுடையதல்ல. மாற்றித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு நியாயமும் உண்டு. அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். பொதியுறையையும் காசு அனுப்பிய சான்றையும் எறியாதீர்கள். பற்றுச்சீட்டு தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பது விற்பவரின் சட்டக் கடமை. ஒரு வாரத் தவணை வைத்து எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் மட்டும் கதைத்துவிட்டு இருக்காதீர்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், ஆகவே திகதியை இன்றே குறித்து வையுங்கள்.