தாடைக்குக் கால் எலும்பை எடுத்தால் அப்பா மறுபடி நடப்பாரா?

நடப்பார். நீங்கள் கேட்டது அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்பாவுக்குக் கீழ்த்தாடையில் அமெலோபிளாஸ்டோமா என்ற, புற்றுநோய் அல்லாத கட்டி, ஒரு பக்கத் தாடையை எடுத்துவிட்டுக் கால் எலும்பை வைக்கப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் அண்ணனுக்கும் இதே கட்டி, இதே ஆபரேஷன்தான். செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (கங்காணி) வேலை அவருக்கு. இப்போதும் மேடு பள்ளம் பார்க்காமல் நடக்கிறார்.

முழங்காலுக்குக் கீழே உடம்பைத் தாங்குவது முன்பக்கப் பெரிய எலும்பு. எடுப்பதோ வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பை. அதிலும் முட்டிப் பக்கமும் கணுக்கால் பக்கமும் 6, 7 சென்டிமீட்டராவது விட்டுவிட்டு நடுத்துண்டைத்தான் எடுப்பார்கள். கால் பெருவிரல் கொஞ்சம் இறுகிப் போகலாம். பிசியோ சொல்லும் பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

"புற்றுநோய் இல்லையே, சுரண்டி எடுத்தால் போதாதா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். இந்தக் கட்டி எலும்புக்குள் ஊடுருவிப் பரவும். சுரண்டினால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் கட்டியைத் தாண்டி 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டுகிறார்கள். கால் எலும்பில் தாடை கட்டுவதும் புதுப் பரிசோதனை இல்லை. நியூயார்க்கில் ஹிடால்கோ என்ற சர்ஜன் 1989-லேயே செய்து காட்டிய முறை.

உண்மையில் பயப்பட வேண்டியது முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு. எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, தாடை வளைவுக்கு ஏற்பத் துண்டாக்கி, டைட்டானியம் தகட்டில் திருகி, கழுத்து ரத்தக்குழாயோடு மைக்ரோஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். அங்கே ரத்தம் கட்டினால் உடனே மறுபடி தியேட்டருக்குத்தான். நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து பார்ப்பது அதற்காக. அப்பா சிகரெட் பிடிப்பவரானால் இன்றைக்கே நிறுத்தட்டும், ரத்தக்குழாய்க்கு அதுதான் எதிரி. கண் விழிக்கும்போது தொண்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய் இருக்கலாம். பேச்சு வராது. எழுதிக் காட்ட ஒரு சின்னப் பலகை வாங்கி வையுங்கள். முகம் வீங்கியிருப்பதைப் பார்த்து அம்மா அழுதுவிடுவார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம் வாய். அண்ணனுக்குத் தாடை நரம்பும் போய்விட்டதால் கீழுதட்டில் உணர்ச்சி இல்லை. கோப்பி வழிந்து சட்டை நனைந்த பிறகுதான் தெரியும். எலும்போடு காலின் தோலையும் வாய்க்குள் வைத்துத் தைத்தார்கள், அதில் முடி முளைத்தது! சிரிப்பாக இருந்தாலும் அவருக்கு அது தொந்தரவுதான்.

நீங்கள் கேட்காமல் விட்டது பல். கால் எலும்பு தாடையைவிட உயரம் குறைவு, சாதாரணப் பல் செட் அதில் சரியாக உட்காராது. எலும்பு நன்றாகக் கூடிய பிறகு இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் திருகு) வைத்துப் பல் கட்டலாம், அதற்குச் சில மாதங்கள் ஆகும். பல் கட்டும் வரை அண்ணன் ரொட்டி சானாயைக் குழம்பில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார். எலும்பை எந்த இடத்தில் வைத்தால் பின்னால் பல் கட்டச் சரியாக வரும் என்று ஆபரேஷனுக்கு முன்பே திட்டம் போடுவார்கள். ஆகவே அடுத்த முறை போகும்போது பல்லைப் பற்றிக் கேளுங்கள். தகடு, இம்ப்ளாண்ட் செலவையும் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் மருத்துவ சமூக நலப் பிரிவு என்று ஒன்று இருக்கும். சம்பள சிலிப்பை எடுத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு முன்பே அங்கே போய்ப் பேசிவிடுங்கள்.