ஒல்லிப் பேரனுக்கு சர்க்கரை போட்ட பால்

கேள்வி: டாக்டரம்மா, என் பேரன் பிறந்தப்ப 2 கிலோ 100 கிராம்தான். இப்ப மூணு வயசு, 13 கிலோ இருக்கான். ஒல்லியா இருக்கானேன்னு பால்ல மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டு, நைட்டும் ஒரு பாட்டில் கொடுப்பேன். மருமக வேண்டாங்கறா. சின்னப் பிள்ளை கொஞ்சம் பூசினாப்ல இருந்தா என்ன தப்பு? இன்னொண்ணு, என் பையன் ஒல்லிதான், 34 வயசுலயே சுகர் வந்துடுச்சு. அவனும் ரெண்டே கால் கிலோலதான் பிறந்தான். பிள்ளை பெருசானா பிரசவம் கஷ்டம்னு அப்ப எனக்கு சோத்தைக் குறைச்சுத்தான் போட்டாங்க.
(ஒரு வாசகி, அருப்புக்கோட்டை)

பதில்: அம்மா, நீங்க பேரனுக்குக் கேட்டதுக்கு பதில் உங்க பையன் கதைலயே இருக்கு. ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இதுல உங்க தப்பு எதுவும் இல்ல, தட்டுல விழுந்ததைத்தான் நீங்க சாப்பிட முடிஞ்சுது.

வயித்துல இருக்கற பிள்ளைக்கு சத்து பத்தலன்னா உடம்பு பந்தி பிரிச்சுத்தான் பரிமாறும். முதல் பந்தி மூளைக்கு, தசையும் கணையமும் கிட்னியும் கடைசி பந்தி. ரத்தத்துல ஏறற சர்க்கரையை அதிகமா வாங்கிக்கறது தசைதான், அதுவே கம்மியா அமைஞ்சா பின்னாடி சர்க்கரை தேங்கத்தானே செய்யும். கிட்னில வடிகட்டற நெஃப்ரான் உருவாகறதும் பிரசவ சமயத்தோட ஏறக்குறைய நின்னுடும், அதுக்குள்ள கம்மியா அமைஞ்சா கம்மிதான், பிரஷர் சீக்கிரம் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

"ஒல்லிதானே, எப்படி சுகர் வந்துச்சு"ன்னு எங்கிட்ட கேக்காத வீடு இல்ல. புனே கேஇஎம் ஹாஸ்பிடல்ல டாக்டர் யாஜ்னிக் 1990கள்ல பக்கத்து கிராமத்துக் கர்ப்பிணிகளை வருஷக்கணக்கா கவனிச்சார், எல்லாம் காட்டு வேலை பாக்கற பொண்ணுங்க, சராசரி எடை 42 கிலோதான். பிள்ளைங்க சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துப் பிள்ளைங்க 3.5 கிலோ. ஆனா தோள்பட்டை எலும்புக்குக் கீழ முதுகுத் தோலைக் கிள்ளி கிடுக்கி மாதிரி ஒரு கருவியால அளந்தா அங்க கொழுப்பு மட்டும் அவ்வளவா குறையல, குறைஞ்சது தசைதான். அதனாலதான் நம்ம ஆளுங்களுக்கு எடையைப் பாத்து மட்டும் எதையும் முடிவு பண்ண முடியாது. உங்க பையனோட இடுப்பைச் சுத்தி ஒரு டேப் வச்சுப் பாருங்க, 90 செமீ தாண்டினா அதுதான் தொப்பை. பிரஷரும் கொலஸ்ட்ராலும் சேர்த்தே பாக்கச் சொல்லுங்க.

இப்ப பேரன். டெல்லில 1969லருந்து 72க்குள்ள பிறந்த பிள்ளைங்களை சில மாசத்துக்கு ஒரு தடவை அளந்துட்டே வந்தாங்க, அதுல 1,492 பேருக்கு முப்பது வயசு வாக்குல சுகர் டெஸ்ட் எடுத்தாங்க. யாருக்கு சர்க்கரை ஏறியிருந்துச்சுன்னா, ரெண்டு வயசு வரைக்கும் ஒல்லியா இருந்து அதுக்கப்புறம் வேகமா சதை போட்டவங்களுக்கு. அவங்கள்ல ஒருத்தர்கூட 12 வயசுல குண்டுன்னு சொல்ற அளவுக்கு இல்ல, அதைப் படிச்சப்ப எனக்கே பகீர்னு இருந்துச்சு. பாக்கற கண்ணுக்கு "இப்பதான் தேறிட்டான்"னு தோணற அதே வயசுதான் அது, உங்க பேரனும் இப்ப அந்த வயசுல நிக்கறான்.

அதுக்காக பட்டினி போடச் சொல்லல. மூணு வயசுல 13 கிலோ உலக சுகாதார நிறுவன சார்ட்படி நார்மலுக்குள்ளதான் இருக்கு, அங்கன்வாடில எடையோட உயரத்தையும் குறிச்சு வாங்குங்க, உயரம் ஏறாம எடை மட்டும் ஏறினா உஷாராயிடுங்க. முட்டை, பருப்பு, சுண்டல், கேப்பைக் கூழ், கீரை எல்லாம் தாராளமா கொடுங்க, நல்லா ஓடி ஆடட்டும். பால்ல போடற சர்க்கரையை மட்டும் வாரத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் குறைச்சுட்டே வாங்க. பிரிட்டன்ல ஆளுக்கு இவ்வளவுதான்னு சர்க்கரைக்கு இருந்த ரேஷனை 1953 செப்டம்பர்ல எடுத்தாங்க, கருவுலயும் முதல் ரெண்டு வருஷத்துலயும் ரேஷன் சர்க்கரைலயே வளந்தவங்களுக்கு பிற்காலத்துல சுகர் வர்ற வாய்ப்பு சுமார் 35 சதவீதம் கம்மின்னு 2024ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. உங்க பேரன் அந்த ரெண்டு வயசைத் தாண்டிட்டான், இருந்தாலும் நாக்கு இனிப்புக்குப் பழகறது இப்பவும் நடந்துட்டுதான் இருக்கு. நைட் பாட்டிலை இன்னைக்கே நிறுத்திடுங்க, பல்லும் தப்பிக்கும்.

மருமக அடுத்த பிள்ளைக்கு யோசிச்சா, உண்டாகறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு ஹீமோகுளோபினும் பி12ம் டெஸ்ட் பண்ணுங்க. அப்புறம் அவங்க தட்டுல முட்டையும் பாலும் கீரையும் குறையாம பாத்துக்க உங்களைவிட யாருக்கும்மா தெரியும்.