தட்டம்மை வந்து போகிற நோயா?

கேள்வி: அந்தக் காலத்தில் ஆளைக் கொன்றது பெரியம்மையும் காலராவும்தான். தட்டம்மை, கக்குவான் எல்லாம் பிள்ளைகளுக்கு வந்து போகிறவை. நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் இத்தனை ஊசி போட்டா வளர்த்தார்கள்? என் பேரனுக்கு வேண்டாம் என்கிறேன். மருமகள் கேட்கமாட்டேன் என்கிறாள்.

பதில்: இங்கிலாந்தையே பார்ப்போம். 1911இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரியம்மைக்குப் பலியானவர்கள் நூறு பேர்கூட இல்லை. காலரா கொள்ளைநோயாக வந்தது 1866ஓடு சரி. நீங்கள் சொல்லும் அந்த ‘வந்து போகிற’ தட்டம்மை மட்டும் அந்த ஒரே வருடத்தில் 10,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள். அம்மை இறங்குகிற நேரத்தில் நிமோனியா பிடித்துக்கொள்ளும். ஓர் அறையில் குடும்பமே படுக்கிற தொழிலாளர் வீட்டில் அடுத்த பிள்ளையை எங்கே ஒதுக்கிப் படுக்கவைப்பது?

அங்கும் உங்களைப் போலத்தான் நினைத்தார்கள். தொற்றுநோய் கண்டால் மருத்துவர் உள்ளூர் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1889இல் சட்டம் வந்தது. அதன் பட்டியலில் பெரியம்மை, டைபாய்டு, டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் எல்லாம் உண்டு. தட்டம்மையும் கக்குவானும் இல்லை. பல ஊர்களில் பிள்ளை இறந்து, சாவுப் பதிவு வந்த பிறகுதான் அதிகாரிக்கே விஷயம் தெரிந்தது.

பேதி இன்னொரு பக்கம் குழந்தைகளைக் கொன்றது. 1911 கோடை கொளுத்தியது. தெருவெல்லாம் குதிரைச் சாணம், கொல்லையில் வாளிக் கக்கூஸ், இரண்டிலும் மொய்த்த ஈ பாலிலும் வந்து உட்கார்ந்தது. சில வீடுகளில் நீண்ட ரப்பர் குழாய் வைத்த பால் புட்டி. அந்தக் குழாயின் உள்ளே யாராலும் கழுவ முடியாது. எல்லா நோயும் சேர்த்து, அந்த வருடம் பிறந்த 1,000 குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் 130 சாவு. மறு வருடம் கோடை குளிர்ந்தது, 95 ஆனது. அதே தெரு, அதே தாய்மார்கள்.

சாக்கடையும் சுத்தமான பாலும் நல்ல சாப்பாடும் வந்து, ஊசிக்கு முன்பே சாவு நிறையக் குறைந்தது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிப்தீரியாவைப் பாருங்கள். இத்தனையும் வந்த பிறகும் 1940இல் அங்கே 2,000 பேருக்கு மேல் அதில் இறந்தார்கள். அந்த வருடம்தான் நாடு முழுக்க இலவசத் தடுப்பூசி தொடங்கியது. 1957இல் இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு.

உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மைக்கு முதல் ஊசி, ஒன்றரை வயதையொட்டி இரண்டாவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். அவரைத் தடுக்காதீர்கள், முடிந்தால் கூடப் போங்கள்.