நிலாவில் இறங்கத் தெரிகிறது, ஹெலிகாப்டர் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது

கேள்வி: வணக்கம் சார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஆறு வருஷமாக கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம், அப்புறம் ஆர்பிட்டர் என்று கணினியில் விண்கலம் ஓட்டுகிறேன். டாக்கிங் (இரண்டு கலங்களை விண்வெளியில் இணைப்பது), நிலாவில் இறங்குவது எல்லாம் நன்றாகவே வரும். 2024 நவம்பரில் நம்ம கடலில் சிக்கிய ஆறு மீனவர்களைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் தூக்கி வந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து ஹெலிகாப்டர் பைத்தியம் பிடித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் காப்ரி ஜி2 என்ற சின்ன ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடலுக்கு மேலே அந்தரத்தில் நிற்கப் பார்க்கிறேன். பத்து நொடி தாண்டுவதில்லை, தண்ணீரில் விழுந்துவிடுகிறேன். கைப்பிடியை முறுக்கினால் திரும்புகிற சாதாரண ஜாய்ஸ்டிக்தான் இருக்கிறது. ஹாலில் உள்ள டிவிதான் திரை. 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பெடல் வாங்கவா, நல்ல ஜாய்ஸ்டிக் வாங்கவா, கிராபிக்ஸ் கார்டை மாற்றவா?

பதில்:

பணத்தை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்களுக்கு அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று ‘கடலுக்கு மேலே’, இன்னொன்று ‘டிவி’. இந்த இரண்டையும் சரிசெய்ய ஒரு ரூபாய்கூட ஆகாது.

முதலில் கடல். ஹெலிகாப்டர் நகர்கிறதா, இறங்குகிறதா என்று கண்ணுக்குச் சொல்வது தரையில் உள்ள பொருட்கள்தான். மரம், கோடு, கட்டடம், நிழல் இவற்றில் ஒன்றுகூட இல்லாத தண்ணீருக்கு மேலே நின்றால், பத்தடி உயரமா முப்பதடி உயரமா என்று கண்ணுக்குத் தெரியாது. இதில் அடிபட்டவர்களில் விண்வெளி வீரர் யூஜின் செர்னனும் ஒருவர். 1969 மே மாதம் அப்பல்லோ 10-இல் நிலாவின் தரைக்கு 15 கிலோமீட்டர் அருகே வரை போய் வந்தவர். 1971 ஜனவரியில், நிலாவில் இறங்கும் பயிற்சிக்காக ஃபுளோரிடாவில் ஒரு சின்ன பெல் 47 ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டு இந்தியன் ரிவர் என்ற நீர்ப்பரப்பின் மேல் தாழப் பறந்தார். தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி கிடந்தது. உயரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார். ஹெலிகாப்டரின் சறுக்குக் கால் தண்ணீரில் பட்டு வண்டி சிதறியது. எரிகிற பெட்ரோலுக்கு அடியில் நீந்தித் தப்பித்தார். அதே செர்னன் 1972 டிசம்பரில் அப்பல்லோ 17-இன் தலைவராக நிலாவில் பத்திரமாக இறங்கினார். நீங்கள் தண்ணீரில் விழுவது திறமைக் குறைவால் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பயிற்சிக்கு எடுத்த இடம் தப்பு, அவ்வளவுதான்.

அப்படியானால் மீனவர்களைத் தூக்கியவர்கள் எப்படி நின்றார்கள் என்று கேட்பீர்கள். கடல் மீட்பில் விமானி ஒருவரே எல்லாவற்றையும் கண்ணால் அளப்பதில்லை. கதவோரம் கயிற்றை இயக்குகிறவர் கீழே பார்த்துக்கொண்டே ‘முன்னால் ரெண்டு, இடது ஒன்று, நில்’ என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். உயரம் காட்டும் கருவி தனியாக இருக்கும். கீழே உள்ள படகோ பாலமோ பார்வைக்குப் பிடிமானம் தரும். அதற்குப் பின்னால் பல நூறு மணி நேரப் பயிற்சி இருக்கிறது. நமக்கு அது கடைசிப் பாடம்.

நீங்கள் லாஸ்பேட்டையில் ஆரம்பியுங்கள். அங்கே உள்ள புதுச்சேரி விமான நிலைய ஓடுபாதை சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். நடுக்கோடு இருக்கிறது, ஓரக்கோடு இருக்கிறது, பக்கத்தில் கட்டடங்களும் மரங்களும் இருக்கின்றன. நிற்கப் பழக இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் கிடையாது. காற்றைச் சுழியமாக வைத்துவிடுங்கள். ‘நேரடி வானிலை’யை அணைத்து வையுங்கள், மாலைக் கடற்காற்றோடு மல்லுக்கட்ட இன்னும் நாள் இருக்கிறது.

அடுத்தது டிவி. லாஸ்பேட்டையிலேயே ஒரு நண்பருக்கு உங்கள் பிரச்சினைதான் இருந்தது. ஜாய்ஸ்டிக்கையும் திரையையும் ஒன்றாகச் சேர்த்து செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தோம். கை வலது பக்கம் போய்த் திரும்பி நடுவுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் திரையில் ஹெலிகாப்டர் வலது பக்கம் சாய ஆரம்பித்தது. டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் அது. விண்கலத்தில் இந்தத் தாமதம் உறைக்கவே உறைக்காது, ஹெலிகாப்டரில் ஆளைக் கவிழ்த்துவிடும். ரிமோட்டில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டோம். அன்று சாயங்காலமே இருபது நொடி நின்றார். நீங்களும் அதைப் போடுங்கள். கூடவே மேகம், நிழல், தண்ணீர்ப் பளபளப்பு மூன்றையும் குறைத்து, படம் திணறாமல் ஓடும்படி வையுங்கள். கிராபிக்ஸ் கார்டு பற்றிய கேள்விக்கு இதுதான் பதில்: அழகு குறைந்தாலும் பரவாயில்லை, ஓட்டம் சீராக இருக்க வேண்டும்.

இனி கைக்கு வருவோம். உங்களுக்குத் தெரிந்த டாக்கிங்கும் அந்தரத்தில் நிற்பதும் அடிப்படையில் ஒரே கணக்கு. கெர்பலில் டாக் செய்யும்போது எல் விசையை ஒரு தட்டு தட்டுகிறீர்கள். கலம் வலது பக்கம் நகர ஆரம்பிக்கிறது. விரலை எடுத்துவிட்டாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் ஜே விசையை அதே அளவு தட்ட வேண்டும். இது உங்கள் விரலில் ஊறிய பழக்கம். ஹெலிகாப்டரில் சைக்ளிக்கை, அதாவது வண்டியைச் சாய்க்கும் கைப்பிடியை (உங்களுக்கு ஜாய்ஸ்டிக்), வலது பக்கம் சாய்த்தால் தலைக்கு மேலே சுழலும் ரோட்டாரின் வட்டம் சாயும். வண்டி சாய்ந்திருக்கும் வரை பக்கவாட்டு வேகம் ஏறிக்கொண்டே இருக்கும். நேராக நிமிர்த்திவிட்டால் வேகம் போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. வேகம் அப்படியே இருக்கும். இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து வேகத்தைத் தின்ன வேண்டும், அப்புறம்தான் நிமிர்த்த வேண்டும். ஆக ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு எதிர் அசைவு ஜோடியாக உண்டு. புதிதாக ஓட்டுகிறவர்கள் ஜோடியில் ஒன்றை மட்டும் கொடுக்கிறார்கள். நகர்வது கண்ணில் பட்டதும் பயந்து பெரிதாக ஒன்று கொடுக்கிறார்கள். அது அடுத்த பக்கம் இழுத்துப் போகும். ஊஞ்சல் மாதிரி ஆட்டம் பெரிதாகிப் பத்தாவது நொடியில் கதை முடிகிறது.

டாக்கிங்கில் நொடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் விட்டுவிட்டு எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். இங்கே அந்தச் சலுகை இல்லை. செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி என்ற நாசாவின் குட்டி ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் இரண்டு பைத்தியமும் ஒன்றாகச் சேர்ந்த வண்டி அது. எடை 1.8 கிலோ. பூமியின் காற்றில் நூற்றில் ஒரு பங்கு அடர்த்திதான் அங்கே, அதனால் 1.2 மீட்டர் விட்டமுள்ள விசிறிகள் நிமிஷத்துக்கு 2,400 சுற்று அளவில் சுழன்றன. 2021 ஏப்ரல் 19 அன்று முதல் பறப்பு. 2024 ஜனவரிக்குள் 72 முறை பறந்துவிட்டது. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம் சென்னை ஐஐடியில் படித்தவர் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். பூமியிலிருந்து சிக்னல் போய்ச் சேரப் பல நிமிஷம் ஆகும் என்பதால் அதைக் கையால் ஓட்டவே முடியாது. உள்ளே இருந்த கணினி நொடிக்கு 500 முறை திருத்திக்கொண்டே நின்றது. நாம் 500 முறை செய்ய வேண்டாம். ஆனால் நிற்பது என்றாலே ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பதுதான் என்று இதிலிருந்து புரிகிறது அல்லவா? திருத்தம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிடி முக்கியம். ஜாய்ஸ்டிக்கை மேசையிலிருந்து எடுத்து இரண்டு காலுக்கும் நடுவே ஒரு முக்காலியில் வையுங்கள். முன்கை தொடையில் படிந்திருக்கட்டும். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், இந்த மூன்று மட்டும் கைப்பிடியைத் தொட்டால் போதும். தோள் அசைந்தால் அது பெரிய அசைவு என்று அர்த்தம். அமைப்புகளில் ‘டெட் சோன்’ (நடுவில் அசைத்தாலும் பதியாத பகுதி) என்பதைச் சுழியமாக்குங்கள். விமானத்துக்காகப் பத்து சதவீதம் என்று வைத்திருந்தால், நடுவில் நீங்கள் கொடுக்கிற சின்னச் சின்னத் திருத்தம் எதுவும் போய்ச் சேராது. உங்கள் பத்து நொடிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பார்வை வண்டியின் மூக்குக்கு நேர் கீழே போகக் கூடாது. ஐம்பது, நூறு மீட்டர் தள்ளி ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வால். காப்ரியின் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும், நம்ம கடற்படையின் சேதக் ஹெலிகாப்டர் மாதிரி. ரோட்டார் ஒரு பக்கம் சுழன்றால் உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது வால் விசிறி, அதைக் கட்டுப்படுத்துவது பெடல். கலெக்டிவை, அதாவது வண்டியை மேலே தூக்கும் நெம்புகோலை, உயர்த்தும்போது மூக்கு இடது பக்கம் ஓடும், வலது பெடலால் (இப்போதைக்கு உங்களுக்குக் கைப்பிடியை வலது பக்கம் முறுக்கி) பிடிக்க வேண்டும். இதே சிமுலேட்டரில் இருக்கும் பெல் 407-இல் எல்லாம் நேர்மாறு, அங்கே இடது பெடல். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் கால் குழம்பிப்போகும். மூன்று மாதமாவது காப்ரி ஒன்றோடு இருங்கள். வால் விசிறி வண்டியை லேசாக இடது பக்கம் தள்ளவும் செய்யும், அதனால் நிற்கும்போது சைக்ளிக் எப்போதும் மயிரிழை வலது பக்கமே இருக்கும். நடுவில் இல்லையே என்று பதற வேண்டாம்.

இதைக் கண்ணால் பார்க்க உங்களிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. கெர்பலில் பிரேக்கிங் கிரவுண்ட் இணைப்பு இருந்தால் ஒற்றை ரோட்டாரில் ஒரு ஹெலிகாப்டர் கட்டுங்கள். எழும்பியதும் உடம்பு பம்பரமாகச் சுற்றும். அதே அச்சில் எதிர்ப்பக்கம் சுழலும் இன்னொரு ரோட்டாரைப் போடுங்கள், சுற்றல் நின்றுவிடும். நம் கடற்படையின் காமோவ் 31 இந்த அமைப்புதான், அதற்கு வால் விசிறியே கிடையாது. அரை மணி நேரத்தில் இது உங்களுக்குப் புரிந்துவிடும்.

பயிற்சி வரிசையில் நிற்பது முதல் பாடமாக வரக் கூடாது. முதல் மூன்று நாள் ஆயிரம் அடி உயரத்தில் 60 நாட் (மணிக்கு சுமார் 110 கிலோமீட்டர்) வேகத்தில் சும்மா பறந்து பழகுங்கள். அந்த வேகத்தில் ஹெலிகாப்டர் விமானம் மாதிரி அடங்கிப் போகும். அடுத்த நாட்களில் ஓடுபாதைக்கு மேல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து வாருங்கள். 20 நாட் பக்கம் வரும்போது ஒரு நடுக்கம் தெரியும், வண்டி கனத்துப் போன மாதிரி இறங்கப் பார்க்கும். முன்னோக்கிப் பறக்கும்போது ரோட்டாருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த புதுக்காற்று நின்றுபோவதுதான் காரணம். அங்கே கலெக்டிவைக் கூட்ட வேண்டும், கூடவே வலது பெடல். இந்தக் கட்டத்தை நிதானமாக இருபது முறை கடந்தீர்கள் என்றால் நிற்பது தானாகக் கிட்டே வந்துவிடும். நிற்கப் பழகும்போது முதலில் வால் விசிறி உதவியை அமைப்புகளில் போட்டுவிட்டு சைக்ளிக்கை மட்டும் கவனியுங்கள். உண்மையான பயிற்சியிலும் ஆசிரியர் ஒரு கட்டுப்பாட்டை மட்டும் மாணவர் கையில் தந்து, மற்றதைத் தான் பிடித்துக்கொள்வார். சறுக்குக் கால் தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் இருக்கட்டும். அங்கே தரைக்கும் ரோட்டாருக்கும் நடுவில் காற்று மெத்தை மாதிரி தாங்கும்.

இறங்குவதில் உங்கள் ராக்கெட் பழக்கம் ஒன்று ஆபத்து. கெர்பலில் செங்குத்தாக விழவிட்டுக் கடைசி நொடியில் எஞ்சினைக் கொளுத்தி நிறுத்துவது சிக்கனம். ஹெலிகாப்டரில் முன்வேகம் இல்லாமல், நிமிஷத்துக்கு 300 அடிக்கு மேல் இறங்கிக்கொண்டே கலெக்டிவை இழுத்தால், ரோட்டார் தான் கீழே தள்ளிய காற்றிலேயே சிக்கிக்கொள்ளும். இழுக்க இழுக்க இன்னும் வேகமாக விழும். அதிலிருந்து வெளியே வர சைக்ளிக்கை முன்னால் கொடுத்து வேகம் பிடிக்க வேண்டும். எஞ்சினைக் கூட்டினால் பிழைப்போம் என்று ஆறு வருஷம் பழகிய கைக்கு இது கஷ்டம். ஆயிரம் அடி உயரத்தில் வேண்டுமென்றே இதில் மாட்டி, வெளியே வந்து பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு நிமிஷம் நிற்க முடிந்தால், பணத்தை எடுங்கள். முதல் செலவு பெடல். முறுக்குகிற கைப்பிடியில் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் சைக்ளிக்கும் சேர்ந்து அசையும். அதைப் பெடல் தீர்த்துவிடும். மீதி இருந்தால் ஜாய்ஸ்டிக். கடலூர் உப்புக்காற்றில் உரசி அளக்கும் சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டர் வைத்த ஜாய்ஸ்டிக் சீக்கிரம் உதற ஆரம்பிக்கும். காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் வகையாகக் கேட்டு வாங்குங்கள், துணி போட்டு மூடி வையுங்கள். கலெக்டிவுக்குத் தனிக் கருவி இப்போது வேண்டாம், ஜாய்ஸ்டிக்கின் அடியில் உள்ள நெம்புகோலே போதும்.

அப்புறம் வீட்டுக்குப் பறந்து வாருங்கள். லாஸ்பேட்டையில் எழும்பிக் கடற்கரையைப் பிடித்துத் தெற்கே வந்தால் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, தாழங்குடா பக்கம் பெண்ணையாற்று முகத்துவாரம், அடுத்துக் கெடிலம். இப்போது நேரடி வானிலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பிற்பகல் காற்று கடலிலிருந்து வரும், ஹெலிகாப்டர் காற்றை முகத்தில் வாங்கித்தான் இறங்க வேண்டும். அதனால் தேவனாம்பட்டினத்துக்கு ஊர்ப் பக்கமிருந்து கடலைப் பார்த்தபடி வாருங்கள். பக்கவாட்டில் வீட்டுக் கூரைகள் கண்ணில் இருக்கும்போதே மணலில் நின்றுவிடுங்கள், அலைக்கு மேலே போக வேண்டாம்.